சான்றுபெறுமுன் சோதித்தல்: இலத்திரனியற் கருவிகளும் மின்காந்த இடையூறும்

மின்னோட்டம் மாறும் இடமெங்கும் மின்காந்த அலை எழும் என்பது மக்சுவெல் 1865 ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கையாற் பெறப்படும் முடிபு. ஹேர்ட்ஸ் என்னும் ஜேர்மானிய அறிஞர் 1887, 1888 ஆம் ஆண்டுகளில், ஆய்வுகூடத்தில் மின்பொறியொன்றை எழுப்பி, அதனால் உண்டான அலையைச் சற்றுத் தொலைவில் வைத்த கம்பி வளையமொன்றாற் பிடித்துக் காட்டி அம்முடிபை மெய்ப்பித்தார். வானொலியும் தொலைக்காட்சியும் செல்லிடத் தொலைபேசியும் அவ்வுண்மையின் விளைபயன்களே. ஆயின் அவ்வுண்மைக்கு மற்றொரு முகமும் உண்டு. அலைபரப்பும் நோக்கம் எள்ளளவும் இன்றிச் செய்யப்பட்ட கருவிகளும், தம்முள்ளே மின்னோட்டம் விரைந்து மாறுகின்றமையால், வேண்டாத ஒலிபரப்பு நிலையங்களாகி விடுகின்றன. கணினி, மின்விளக்கு, தொலைபேசிக்கு மின்னேற்றும் சிறு பெட்டி, துணிதுவைக்கும் பொறி ஆகிய யாவும் இவ்வகையின. இவை வெளிவிடும் அலை பிறிதொரு கருவியின் தொழிலைக் கெடுக்குமாயின் அதனை மின்காந்த இடையூறு என்பர்.

இடையூறு என்றவுடன் வானொலியிற் கேட்கும் கரகரப்பொலியையே பலரும் நினைப்பர். அதனினும் பெரிய கேடு விளையக்கூடும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்துக் கோர்வாலிஸ் நகரில் 2004 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் நிகழ்ந்ததொன்று சான்றாகும். விமானங்களும் கப்பல்களும் ஆபத்துற்றவிடத்து அபயக்குரல் எழுப்பும் கருவிகள் பல அந்நாளில் 121.5 மெகாஹேர்ட்ஸ் மீடிறனைப் பயன்படுத்தின. அக்குரலைக் கேட்டறியும் செய்மதிகள் புவியை வலம்வந்துகொண்டிருந்தன. அந்நகரிலிருந்து அத்தகைய குரலொன்று எழுவதைச் செய்மதி உணர்ந்து அறிவித்தது. மீட்புப் பணியாளரும் காவற்றுறையினரும் திசையறி கருவியோடு தேடிச் சென்று, ஈற்றில் ஒரு குடியிருப்பின் வாயிற்கதவைத் தட்டினர். வீழ்ந்த விமானம் எதுவும் அங்கில்லை. ஒரு தொலைக்காட்சிப் பெட்டியே இருந்தது. அதனுள் எழுந்த வேண்டாத அலையே அபயக்குரலாய்த் தோற்றியது. அப்பெட்டியை மீண்டும் இயக்கின் நாளொன்றுக்குப் பதினாயிரம் டொலர் வரை தண்டம் விதிக்கப்படலாம் என உரிமையாளர் எச்சரிக்கப்பட்டார். மீட்புப் பணியாளர் அக்கதவைத் தட்டிக்கொண்டிருந்த வேளையில் மெய்யாகவே ஒரு விமானம் வேறெங்கேனும் வீழ்ந்திருக்குமாயின் யாது நிகழ்ந்திருக்கும் என்பது எண்ணிப்பார்க்கத் தக்கது. இத்தகைய பொய்க்குரல்களின் மிகுதியும் ஒரு காரணமாக, செய்மதிகள் அம்மீடிறனைக் கேட்பது 2009 ஆம் ஆண்டு பெப்புருவரி முதலாந் திகதியுடன் நிறுத்தப்பட்டது. அப்பணி 406 மெகாஹேர்ட்ஸ் கருவிகளுக்கு உரியதாயிற்று.

நிற்க. இவ்விடையூற்றைக் கட்டுப்படுத்தும் முயற்சி வானொலியோடு உடன்பிறந்தது எனலாம். தொடக்ககாலத் தந்தியில்லாத் தந்தி நிலையங்கள் ஹேர்ட்ஸ் எழுப்பியது போன்ற மின்பொறியையே அலையெழுப்பியாகக் கொண்டன. மின்பொறி ஒரு மீடிறனில் மாத்திரம் அலை எழுப்புவதன்று. அகன்ற பரப்பெங்கும் எழுப்புவது. ஒரு நிலையம் பேசும்போது அயல்நிலையம் வாய்மூடியிருக்க வேண்டியதாயிற்று. பின்னர் வீடுதோறும் வானொலி புகுந்தபோது, மின்னோடிகளும் தெருவிற் செல்லும் மின்வண்டிகளும் நேயர்களின் பகையாயின. நாடுகள் தனித்தனியே விதிசெய்யின் பொருள்களின் வாணிகம் தடைப்படும் என்பதை உணர்ந்து, 1933 ஆம் ஆண்டிற் பாரிசு நகரிற் கூடி ஆராய்ந்தனர். அதன் பயனாக 1934 இல் வானொலி இடையூற்றுக்கான சர்வதேசச் சிறப்புக் குழு தொழிற்படத் தொடங்கியது. அதன் பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துக்களைக் கூட்டிச் 'சிஸ்பர்' என வழங்குவர். அளவீடு செய்யும் முறையிலும் அளவிடும் கருவியிலும் உலகம் ஒன்றுபட்டமைக்கு அக்குழுவே பெருங்காரணம்.

கணினியின் வருகையோடு இச்சிக்கல் புதுவடிவம் பெற்றது. 1975 ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவிற் கணினி ஆர்வலர் கழகமொன்றிலே ஸ்டீவ் டொம்பியர் என்பவர் 'அல்ரெயர்' என்னும் சிறு கணினியின் அருகே ஒரு வானொலிப் பெட்டியை வைத்து, கணினி செய்யும் கணிப்பின் வேகத்தை மாற்றுவதனாலேயே அவ்வானொலியைப் பாடவைத்தார். கூடியிருந்தோர் மகிழ்ந்து ஆரவாரித்தனர். ஆயின் அடுத்த வீட்டிலே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதே அலை மகிழ்ச்சி தருவதன்று. வீட்டுக் கணினிகள் பெருகப் பெருக முறைப்பாடுகளும் பெருகின. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு 1979 ஆம் ஆண்டிற் கணிப்புக் கருவிகளுக்கென விதிகளை வகுத்தது. வீட்டிற் பயன்படுவனவற்றுக்கு 'பி' வகுப்பு எனக் கடுமையான எல்லையும், தொழிலகங்களிற் பயன்படுவனவற்றுக்கு 'ஏ' வகுப்பு எனச் சற்றே தளர்ந்த எல்லையும் விதிக்கப்பட்டன. ஐரோப்பியச் சமூகம் 1989 இல் நெறியுறுத்தொன்றை வெளியிட்டு, 1996 சனவரி முதலாந் திகதி தொடக்கம் அதனைக் கட்டாயமாக்கிற்று. 2014 இற் செய்யப்பட்ட நெறியுறுத்து இப்பொழுது அவ்விடத்தில் நிலவுகின்றது.

கணினியின் கடிகாரத் துடிப்பு ஒரு மீடிறனுக்கே உரியதாயிருக்க, அது பரந்த நிறமாலையை நிரப்புவது எங்ஙனம் என்னும் ஐயம் மாணாக்கர்க்கு எழுதல் இயல்பு. வீணையின் நரம்பை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு அதன் மேற்றொனிகளும் உடன் ஒலிப்பதை இங்கு உவமையாகக் கொள்க. எவ்வடிவினதாயினும் மீண்டும் மீண்டும் நிகழும் அலையொன்று, அடிப்படை மீடிறனும் அதன் முழுவெண் மடங்குகளும் உடைய சைன் அலைகளின் கூட்டாகும் என்று பூரியே என்னும் பிரெஞ்சுக் கணிதர் காட்டியுள்ளார். கடிகாரத் துடிப்போ சதுர வடிவினது. 25 மெகாஹேர்ட்ஸ் துடிப்பின் செம்மையான சதுர அலை 75, 125, 175 என ஒற்றை மடங்குகளிலெல்லாம் அலை எழுப்பும். அவற்றுள் 125 மெகாஹேர்ட்ஸ் என்பது விமானங்கள் தரையுடன் பேசும் பட்டையினுள் விழுவது. இம்மடங்குகள் எத்துணைத் தூரம் நீளும் என்பதைத் தீர்மானிப்பது துடிப்பின் மீடிறன் அன்று; அத்துடிப்பு தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு எழும் விரைவேயாம். எழுநேரம் ஒரு நனோசெக்கன் ஆயின், ஏறத்தாழ 318 மெகாஹேர்ட்ஸ் வரை மடங்குகளின் வீச்சம் மெல்லவே குறைந்து செல்லும். அதன் பின்னரே விரைந்து வீழும். தேவைக்கு மிஞ்சிய விரைவுள்ள துடிப்பு வீண்செலவு மாத்திரமன்று, தீங்குமாம். கம்பிவழியில் முப்பது ஓம் அளவினதான சிறு தடையொன்றைத் தொடராக இட்டு அவ்விரைவைத் தணிப்பது பொறியியலாளர் பெரிதும் கையாளும் எளிய பரிகாரம்.

சட்டம் விதிக்கும் எல்லை எத்துணை நுண்ணியது என்பதை எண்களாற் காண்பது நன்று. அமெரிக்க விதிப்படி, 'பி' வகுப்புக் கருவியிலிருந்து 3 மீற்றர் தொலைவில், 30 முதல் 88 மெகாஹேர்ட்ஸ் வரை, மின்புலம் மீற்றருக்கு 100 மைக்குரோவோல்ற்றை விஞ்சலாகாது. 88 முதல் 216 வரை 150 மைக்குரோவோல்ற்று. 216 முதல் 960 வரை 200 மைக்குரோவோல்ற்று. மீற்றருக்கு 100 மைக்குரோவோல்ற்றுப் புலத்தை 3 மீற்றர் தொலைவில் உண்டாக்க, எல்லாத் திசைக்கும் ஒப்பக் கதிர்க்கும் மூலமொன்றுக்கு வேண்டிய வலு யாது? தொலைவையும் புலத்தையும் பெருக்கி, வர்க்கித்து, முப்பதாற் பிரித்தால் விடை ஒரு வாற்றின் நூறுகோடிக் கூறுகளில் மூன்று கூறு என வரும். பல வாற்று வலுவை உண்டு இயங்கும் ஒரு கருவி, அதில் இத்துணைச் சிறு கூறு கசிந்தாலும் எல்லையைத் தொட்டுவிடுகின்றது. எனவே இடையூற்றுச் சோதனையிற் கருவிகள் தவறுவது வியப்பன்று, தவறாமையே வியப்பு.

இவ்வெண்களைப் பொறியியலாளர் தெசிபெல்லிற் கூறுவர். ஒரு மைக்குரோவோல்ற்றைப் பூச்சியமாகக் கொண்டால், பத்துமடங்கு 20 தெசிபெல், நூறுமடங்கு 40 தெசிபெல், இருமடங்கு ஏறத்தாழ 6 தெசிபெல் ஆகும். மின்வழியிலே கருவி திருப்பி அனுப்பும் இடையூற்றுக்கு வேறு எல்லைகள் உள. அவை 150 கிலோஹேர்ட்ஸ் முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரை பொருந்துவன. அதற்கு மேல் வெளியிற் பரவும் கதிர்ப்பு அளக்கப்படும். தாழ்ந்த மீடிறனில் அலைநீளம் பெரிதாகையாற் கருவி தானே நல்ல அலைபரப்பியாவதில்லை. ஊரெங்கும் நீண்டு கிடக்கும் மின்கம்பியே அப்பணியைச் செய்கின்றது.

அளவீட்டிலே 'போலியுச்சம்' என வழங்கத்தகும் ஒரு முறை கையாளப்படுகின்றது. அதன் பிறப்பு சுவையானது. வானொலி கேட்போருக்கு நொடிக்கு ஒருமுறை 'டிக்' என எழும் ஒலி அத்துணைத் தொல்லை தருவதில்லை. அதே வலிமையுள்ள ஒலி நொடிக்கு நூறுமுறை எழின் செவி பொறாது. ஆகவே இடையூற்றின் உச்சத்தை மாத்திரம் அளப்பதும் பொருந்தாது. சராசரியை மாத்திரம் அளப்பதும் பொருந்தாது. விரைவில் ஏறி மெல்ல இறங்கும் மின்சுற்று ஒன்றை அளவுகருவியிற் பொருத்தி, மனிதச் செவியின் பொறுமையையே அளவுகோலாக்கினர். 150 கிலோஹேர்ட்ஸ் முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையான பட்டையில் அச்சுற்று ஏறும் காலமாறிலி ஒரு மில்லிசெக்கன். இறங்கும் காலமாறிலி 160 மில்லிசெக்கன். இம்முறை மந்தமானது, முழு நிறமாலையையும் இவ்வாறு அளக்க நெடுநேரம் செல்லும். அதனால் முதலில் உச்சத்தை விரைவாக அளந்து, எல்லையை அணுகும் இடங்களில் மாத்திரம் போலியுச்சம் காண்பர். உச்சப் பெறுமானம் போலியுச்சத்தினும் ஒருபோதும் குறையாது ஆகையால், உச்சமே எல்லைக்குள் அடங்கின் வேறு கவலை வேண்டியதில்லை.

சான்று வழங்கும் ஆய்வுகூடத்தின் அமைப்பு பெருஞ்செலவுடையது. அலை தெறிக்காவண்ணம் சுவரெங்கும் கூம்புவடிவ உறிஞ்சிகள் பதித்த, உலோகக் காப்பிட்ட பேரறை ஒன்று வேண்டும். அன்றேல் அயலிற் கட்டடங்களில்லாத திறந்த வெளி வேண்டும். கருவியை 80 சென்றிமீற்றர் உயரமுள்ள, மின்கடத்தாப் பொருளாலாய மேசையில் வைத்து, அம்மேசையை முழுவட்டமாகச் சுழற்றுவர். வான்கம்பியை ஒரு மீற்றரிலிருந்து நான்கு மீற்றர் வரை ஏற்றி இறக்குவர். நேரே வரும் அலையும் தரையில் தெறித்து வரும் அலையும் ஓரிடத்திற் கூடியும் மற்றோரிடத்தில் ஒன்றையொன்று அழித்தும் நிற்குமாதலால், மிகுந்த பெறுமானத்தைத் தேடிக் காண்பதற்கே இவ்வேற்றிறக்கம். வான்கம்பியைக் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் வைத்து இரு முறையும் அளப்பர். இத்தகைய கூடத்தை நாட்கணக்கில் வாடகைக்குப் பெறவேண்டும். முறைவரக் காத்திருத்தலும் உண்டு. அங்கே சென்றபின் கருவி தவறுமாயின், காரணத்தை அங்கேயே தேடிக்கொண்டிருக்க நேரமும் இராது, பணமும் இராது. பெட்டியின் அச்சும் சுற்றுப்பலகையின் வரைபும் முடிவாகிவிட்ட நிலையிலே, முதலிற் சில சதப் பெறுமதியான உறுப்பொன்றாற் தீர்ந்திருக்கக்கூடிய குறை, பலகை முழுவதையும் மீள வரையும் பெருங்குறையாகிவிடும்.

அரசாங்கப் பரீட்சைக்கு முன்னர்ப் பாடசாலையில் முன்னோடிப் பரீட்சை நடத்துவது எதற்கோ, அதற்கே கருவிக்கும் முன்னோடிச் சோதனை வேண்டப்படுகின்றது. முன்னோடிப் பரீட்சையின் புள்ளி எந்தச் சான்றிதழிலும் ஏறுவதில்லை. ஆயினும் மாணாக்கன் எங்கே வலுக்குன்றியவன் என்பதை அது காட்டிவிடும். இச்சோதனையும் அத்தகையது. ஐரோப்பிய முறையில் உற்பத்தியாளர் பல கருவிகளுக்குத் தாமே இணக்கக் கூற்று வெளியிடலாம். அங்ஙனமாயினும் அக்கூற்றின் பின்னால் மெய்யான அளவீடு நிற்றல் வேண்டும். முன்னோடிச் சோதனை அதற்கு ஈடாகாது. இவ்வேறுபாட்டை மறந்து, மேசைமேற் பெற்ற அளவீட்டையே தீர்ப்பாகக் கொள்ளுதல் பெரும்பிழை.

இச்சோதனைக்கு வேண்டும் தலையாய கருவி நிறமாலைப் பகுப்பி. எந்த மீடிறனில் எத்துணை வலிமையான அலை உளது என்பதை அது திரையில் வரைந்து காட்டும். முன்னர் இது செல்வம் மிக்க நிறுவனங்களுக்கே எட்டுவதாயிருந்தது. இன்று கையடக்கமானவை குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வாங்குவோர் ஓர் எச்சரிக்கையை மனத்திற் கொள்ளல் வேண்டும். அயலிலுள்ள ஒலிபரப்பு நிலையத்தின் வலிய அலை புகுந்து பகுப்பியைத் திணறச்செய்யின், இல்லாத அலைகளையும் அது வரைந்து காட்டும். உள்ளீட்டில் 10 தெசிபெல் தணிப்பியொன்றை இடுக. மெய்யான அலையாயின் அது சரியாக 10 தெசிபெல் தாழும். அதனின் மிகுதியாகத் தாழ்ந்தாலோ மறைந்தாலோ, அது பகுப்பியின் உள்ளே பிறந்த போலி என்று துணியலாம்.

அடுத்தது புலநாடி. ஓரச்சு வடத்தின் நுனியை விரலளவினதான வளையமாக வளைத்து, புறவுறையில் ஓரிடத்திற் சிறு இடைவெளி விட்டுப் பற்றாசு பிடித்தால் காந்தப்புலம் நாடும் வளையம் ஆயிற்று. பாடசாலை ஆய்வுகூடத்திலேயே இதனைச் செய்துகொள்ளலாம். இவ்வளையத்தைச் சுற்றுப்பலகையின் மேலாக மெல்ல நகர்த்திச் செல்லும்போது, எந்த உறுப்பினருகில் எந்த மீடிறன் ஓங்குகின்றது என்பது தெரியவரும். வளையத்தின் தளத்தைத் திருப்பினால் மின்னோட்டம் செல்லும் திசையையும் அறியலாம். மருத்துவர் நெஞ்சிற் குழாய் வைத்துக் கேட்பதை இது ஒக்கும். ஆயின் இவ்வளையம் காட்டும் பெறுமானத்தைச் சட்டத்தின் எல்லையோடு ஒப்பிடல் இயலாது. மூலத்திலிருந்து அலைநீளத்தின் ஆறிலொரு கூற்றுக்கு உட்பட்ட தொலைவு அண்மைப்புலம் எனப்படும். அங்கே புலம் தொலைவோடு மாறும் விதி வேறு. 30 மெகாஹேர்ட்ஸில் அவ்வெல்லை ஏறத்தாழ 1.6 மீற்றர், 300 மெகாஹேர்ட்ஸில் 16 சென்றிமீற்றர். வளையத்தில் மிக ஓங்கிக் காணும் உறுப்பு தொலைவிற் கதிர்ப்பதேயில்லை என்பதும் நிகழும். ஆகவே புலநாடி இடத்தைக் காட்டும். குற்றத்தின் அளவைக் காட்டாது.

அளவைக் காட்ட வல்லது ஓட்டக் கவ்வி. முன்னோடிச் சோதனைகள் யாவற்றுள்ளும் செலவுக்கேற்ற பயன் மிக்கது இதுவே எனல் மிகையன்று. கருவியிலிருந்து புறப்படும் வடத்தில் இருவகை ஓட்டங்கள் உள. ஒரு கம்பியிற் சென்று மறு கம்பியில் மீள்வது ஒன்று. அஃது இயல்பானது, இரு திசையும் ஒன்றையொன்று அழிப்பதால் மிகச் சிறிதே கதிர்ப்பது. எல்லாக் கம்பிகளிலும் ஒரே திசையிற் சென்று, புவிவழியாகவும் வெளிவழியாகவும் மீள்வது மற்றொன்று. இதனைப் பொதுமுறை ஓட்டம் என்க. இதுவே வடத்தை வான்கம்பியாக்குவது. வடம் முழுவதையும் பெரைற்று வளையமொன்றினூடே செலுத்தி, அவ்வளையத்திற் சுற்றிய சுருளின் வோல்ற்றளவைப் பகுப்பியால் அளந்தால், முதல்வகை ஓட்டம் தானே அழிந்துபோகப் பொதுமுறை ஓட்டம் மாத்திரம் புலனாகும்.

அது எத்துணையாயின் ஆபத்து? ஒரு மீற்றர் நீள வடத்தில், 50 மெகாஹேர்ட்ஸ் மீடிறனில், 5 மைக்குரோ அம்பியர் பொதுமுறை ஓட்டம் செல்வதாகக் கொள்க. தரையின் தெறிப்பையும் கருதின், சிறிய வான்கம்பிக்குரிய சமன்பாடு 3 மீற்றர் தொலைவில் மீற்றருக்கு ஏறத்தாழ 105 மைக்குரோவோல்ற்றைத் தரும். எல்லை 100 என்பது மேலே கூறப்பட்டது. ஓர் அம்பியரின் பத்திலட்சத்தில் ஐந்து பங்கு ஓடினாலே கருவி தவறிவிடுகின்றது! பேரறையோ வான்கம்பியோ இன்றி, ஒரு மேசையின்மேல், ஒரு கவ்வியைக்கொண்டு இதனைக் கண்டறியலாம் என்பதே இம்முறையின் சிறப்பு. வடம் அலைநீளத்தின் காற்பங்கை அணுகும்போது ஓட்டம் வடம் முழுதும் ஒருசீராய் இராது. 50 மெகாஹேர்ட்ஸில் அந்நீளம் 1.5 மீற்றர். ஆதலின் கவ்வியை ஓரிடத்தில் வைத்து அமையாது, வடத்தின் வழியே நகர்த்தி மிகுந்த பெறுமானத்தைக் கொள்ளல் வேண்டும்.

பொதுமுறை ஓட்டம் கண்டவுடன் பெரைற்று மணியொன்றை வடத்திற் கவ்வவிடுவது பலர் வழக்கம். ஓட்டம் தாழ்ந்தால் வடமே வான்கம்பி என்பது உறுதியாகும். அதனைப் பரிகாரமாகவே விட்டுவிடுதல் சோம்பேறித்தனம். ஓட்டம் பிறக்கும் இடம் பெரும்பாலும் வடத்தின் உறை பெட்டியோடு இணையும் மூட்டு. உறையை ஒரு சிறு கம்பியாகத் திரித்துத் தொலைவில் இணைத்திருப்பர். உயர் மீடிறனில் அச்சிறு கம்பியே தடையாகி நிற்கும். உறையை மூட்டுவாயிற் சுற்றிவரப் பெட்டியோடு பொருத்தினால், மணி இன்றியே குறை தீர்தல் உண்டு.

மின்வழி இடையூற்றை அளக்கச் செயற்கை மின்வழி வலையமைப்பு எனும் பெட்டி வேண்டும். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மின்வழியின் தடங்கல் வேறுபடுமாதலால், எங்கு அளந்தாலும் ஒரே விடை வருதற்பொருட்டு, 50 மைக்குரோஹென்றித் தூண்டியும் 50 ஓம் முடிவும் கொண்ட நிலையான தடங்கலை அப்பெட்டி வழங்குகின்றது. ஊர் மின்வழியிலிருந்து வரும் இரைச்சலையும் தடுக்கின்றது. இதனைப் பயில்வோர்க்கு இரண்டு எச்சரிக்கைகள். அதனுள் இருக்கும் கொள்ளளவிகள் பெரியன. அவற்றினூடே புவிக்குப் பொசியும் ஓட்டம் வீட்டு மின்வழியிலுள்ள பொசிவுத் துண்டிப்பானை விழச்செய்யும். பெட்டியின் புவித்தொடுப்புக் கழன்றிருப்பின் அதன் உலோகவுடல் தொடுவோர்க்கு உயிராபத்தாகும். ஆதலின் புவித்தொடுப்பை முதலில் உறுதிசெய்து, தனிமைப்படுத்தும் நிலைமாற்றி ஒன்றினூடே மின்னளித்தலே முறை. மற்றையது, கருவியை இயக்கும்போதும் நிறுத்தும்போதும் எழும் துடிப்பு பகுப்பியின் உள்ளீட்டைப் பொசுக்கிவிடக்கூடும். அவ்வேளைகளிற் பகுப்பியைக் கழற்றிவைத்தல் நன்று.

கிடைத்த வரைபைப் படிப்பதிலும் நுட்பமுண்டு. ஏறத்தாழ ஒரு மெகாஹேர்ட்ஸுக்குக் கீழ் எழும் இடையூறு பெரும்பாலும் இரு கம்பிகளுக்கிடையே நிகழ்வது. கம்பிகளை இணைக்கும் கொள்ளளவி அதற்கு மருந்து. அதற்கு மேல் எழுவது பெரும்பாலும் பொதுமுறையானது. ஒவ்வொரு கம்பியிலிருந்தும் புவிக்கு இடும் கொள்ளளவியும், இரு கம்பிகளையும் ஒருங்கே சுற்றிய தூண்டியும் அதற்கு மருந்து. புவிக்கு இடும் கொள்ளளவியை விரும்பியவாறு பெருக்க முடியாது. பெருக்கின் பொசிவோட்டம் கூடி, தொடுவோர்க்கு அதிர்ச்சி தரும். இங்கே இடையூற்று விதியும் உயிர்க்காப்பு விதியும் எதிரெதிராக இழுக்கின்றன. உயிர்க்காப்பே முந்தியது என்பதில் ஐயமில்லை.

வெளியிற் பரவும் கதிர்ப்பைச் சாதாரண அறையில் அளப்பது யாவற்றினும் கடினம். பண்பலை ஒலிபரப்பும் தொலைபேசிக் கோபுரங்களும் திரையை நிரப்பிநிற்க, அவற்றினிடையே கருவியின் அலையைத் தேடவேண்டும். கருவியை நிறுத்தி ஒருமுறை, இயக்கி ஒருமுறை வரைந்து இரண்டையும் ஒப்பிடுவர். சுவரிலும் கட்டிலிலும் அலுமாரியிலும் தெறிக்கும் அலையால் விடை 10 தெசிபெல்லும் அதற்கு மேலும் பிறழக்கூடும். இதற்கு ஒரு நல்ல உபாயம், ஆய்வுகூடத்தில் ஏலவே அளந்து பெறுமானம் தெரிந்த ஒரு கருவியை அதே அறையில், அதே இடத்தில் வைத்து அளந்து, அறையின் வழுவை அறிந்துகொள்வது. அவ்வாறு அறிந்தபின்னும் எல்லைக்கு 6 தெசிபெல்லேனும் கீழே நிற்பதையே குறிக்கோளாகக் கொள்வர்.

இவ்விடத்து ஒரு தந்திரத்தைக் குறிப்பிடாது விடலாகாது. கடிகார மீடிறனைச் சிறிதளவு, சான்றாக நூற்றில் அரைப்பங்கு, இடைவிடாது அலையவிட்டால், 125 மெகாஹேர்ட்ஸில் நின்ற கூர்முனை 625 கிலோஹேர்ட்ஸ் அகலத்துக்குப் பரந்துவிடும். அளவுகருவியின் பட்டையகலமோ 120 கிலோஹேர்ட்ஸ். எனவே கருவி சிறிய பெறுமானத்தையே காட்டும். வெளிவரும் மொத்த வலுவோ குறைந்ததில்லை. விதி இதனை அனுமதிக்கின்றது. குறும்பட்டை வானொலிக்கு இதனால் நன்மையும் உண்டு. ஆயினும் அகன்ற பட்டையில் இயங்கும் சேவைக்கு இடையூறு இடையூறேயாம். மூலத்தைத் தணிக்க முயலாது இதனையே முதற் பரிகாரமாகக் கொள்வது, மாணாக்கன் பாடத்தைப் படியாது வினாத்தாளை ஊகிப்பது போன்றது.

கருவி பிறர்க்கு இடையூறு செய்யாமை ஒருபாதி. பிறர் செய்யும் இடையூற்றைத் தாங்குதல் மறுபாதி. இரண்டாந் தலைமுறைச் செல்லிடத் தொலைபேசி அழைப்பு வருமுன் வானொலியில் எழுந்த 'டிட்-டிட்' ஒலியைப் பலரும் கேட்டிருப்பர். அத்தொலைபேசி நொடிக்கு ஏறத்தாழ 217 முறை விட்டுவிட்டு அலைபரப்பியதே அதன் காரணம். தாங்குதிறனை முன்னோடியாகச் சோதிக்க, உரிமம் பெற்ற கைவானொலியொன்றைக் கருவியின் அருகே இயக்கிப் பார்ப்பர். மனிதவுடலில் தேங்கிய மின்னேற்றம் விரல்நுனியாற் பாய்வதைப் போலச் செய்ய, 150 பிக்கோபரட்டுக் கொள்ளளவியும் 330 ஓம் தடையும் கொண்ட துப்பாக்கி போன்ற கருவியால், தொட்டு 4,000 வோல்ற்றும் காற்றினூடே 8,000 வோல்ற்றும் பாய்ச்சுவர். இது தனியே விரித்தற்குரிய பொருள்.

சோதனைகள் முடிந்து சான்றும் பெற்றபின் மற்றொரு கவனம் வேண்டும். ஆய்வுகூடத்துக்குச் சென்ற மாதிரி ஒன்று. சந்தைக்குச் செல்வன பல்லாயிரம். சிஸ்பர் விதிகள் தொகுதியாகச் செய்யப்படும் கருவிகளில் நூற்றுக்கு 80 ஆவது, நூற்றுக்கு 80 நம்பிக்கையோடு, எல்லைக்குள் அடங்குதல் வேண்டும் என்கின்றன. உற்பத்தி தொடங்கியபின், விலை குறைந்ததென்று கொள்ளளவி ஒன்றை மாற்றுவர். தேவையில்லையென்று தூண்டி ஒன்றை நீக்குவர். விரைவு மிக்க புதிய நுண்செயலியைப் பழையதன் இடத்தில் வைப்பர். கருவி முன்போலவே இயங்கும். வெளித்தோற்றத்தில் வேறுபாடு இராது. ஆகவே கவனமுள்ள உற்பத்தியாளர் முதன்மாதிரியை வளையத்தால் நாடியபோது பெற்ற வரைபுகளைக் குறிப்பேட்டிற் பேணிவைத்து, ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை எடுத்து, அதே வளையத்தை அதே இடத்தில், அதே உயரத்தில் வைத்து மீண்டும் அளப்பர். பெறுமானம் குறிப்பேட்டிலுள்ளதினும் 6 தெசிபெல் உயர்ந்து நிற்குமாயின், அத்தொகுதியைப் பொதிசெய்யாது நிறுத்தி, மாறிய உறுப்பு யாது எனத் தேடுவர்.